அலைகள் பாடத்தில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அலைகள் பாடத்தில் முதலில் மனப்பாடமாவது இந்த வரிதான். முதலில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எது எதைத் தீர்மானிக்கிறது என்பதைச் சமன்பாடு சொல்வதில்லை. அதிர்வெண் அலையை உண்டாக்கும் மூலத்தின் கையில். வேகம் ஊடகத்தின் கையில். அலைநீளம்தான் இரண்டுக்கும் ஏற்ப வளைந்துகொடுக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். அங்கே 343 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். 686 ஹெர்ட்ஸ் என்றால் அரை மீட்டர். வேகம் அதேதான். இல்லாவிட்டால், தூரத்தில் கேட்கும் பாட்டில் மேல் சுரங்கள் முந்திக்கொண்டு வர, கீழ்ச் சுரங்கள் பின்தங்கி, பாட்டே குழம்பிப் போயிருக்கும்.

ஊடகம் மாறும்போது இதே குழப்பம் தலைகீழாக வரும். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட கண்ணாடிக்குள் நுழையும் 600 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் 400 ஆகிறது; வேகமும் அதே விகிதத்தில் குறைகிறது. 400 என்றதும் ஊதா நினைவுக்கு வந்து, ஒளி நிறம் மாறிவிட்டது என்று எழுதுபவர்களும் உண்டு. அதிர்வெண் மாறவில்லை, ஆகவே நிறமும் மாறாது.

மேற்பொருந்துதலில், அதாவது இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சேர்வதில், சற்று நின்றுதான் போக வேண்டும். 'அழிவுக் குறுக்கீட்டு விளைவு' என்ற பெயரே பாதித் தவறுக்குக் காரணம் என்பது என் எண்ணம். கயிற்றின் ஒரு முனையிலிருந்து மேடான துடிப்பு ஒன்றும், மறுமுனையிலிருந்து அதே அளவு பள்ளமான துடிப்பு ஒன்றும் வருகின்றன. இரண்டும் முழுதாக ஒன்றன்மேல் ஒன்று படியும் கணத்தில் கயிறு நேராகிவிடும். மோதி அழிந்துவிட்டன, ஆற்றல் மறைந்துவிட்டது என்று எழுதினால் மதிப்பெண்ணும் மறைந்துவிடும். கயிறு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி அசையாமல் இல்லை. ஆற்றல் அப்போது இயக்க ஆற்றலாக இருக்கிறது. மறுகணமே இரு துடிப்புகளும் ஒன்றையொன்று கடந்து, எதுவும் நடவாததுபோல் தம் வழியே போகின்றன. பாடநூல் படத்தில் இந்த இயக்கம் தெரியாது. படம் பார்த்து ஏமாறுவது அதனால்தான்.

ஒளியிலும் கணக்கு நேராகவே இருக்கிறது. ஒரே கட்டத்தில், அதாவது முகட்டோடு முகடு பொருந்தி, சேரும் இரண்டு சம அலைகளின் வீச்சு இரண்டு மடங்காகும். செறிவு வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்ததால் நான்கு மடங்காகும். இங்கே 'இரண்டு மடங்கு' என்று எழுதுவது வாடிக்கையான பிழை. ஒரே ஒளியை இரண்டு குறுகிய பிளவுகள் வழியே திரையில் விழச்செய்யும் யங்கின் இரட்டைப் பிளவு சோதனையில், ஒரு பிளவு மட்டும் தரும் செறிவை ஒன்று என்று கொண்டால், திரையில் கரும்பட்டையின் செறிவு சுழி, பொலிவுப் பட்டை நான்கு, சராசரி இரண்டு. கரும்பட்டையில் காணாமல்போன ஆற்றல் பக்கத்துப் பட்டையில்தான் இருக்கிறது.

வரைபடத்தைத் தொடும்முன் கிடைமட்ட அச்சைப் படியுங்கள். அது தொலைவு என்றால் அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே இருப்பது அலைநீளம்; நேரம் என்றால் அலைவுக் காலம். ஒலியை வளைகோடாக வரைவதால் அது குறுக்கலையாகிவிடாது, அதாவது காற்று ஒலி செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்வதாக ஆகிவிடாது.

முன்னேறாமல் ஒரே இடத்தில் அதிரும் நிலை அலைகளில், அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு (அசையாத புள்ளிகளுக்கு) இடையே இருப்பது பாதி அலைநீளம் மட்டுமே. இரு முனைகளும் கட்டப்பட்ட 1.2 மீட்டர் கம்பி மூன்று கண்ணிகளாக (கணுவுக்குக் கணு உள்ள பகுதிகளாக) அதிர்ந்தால், ஒரு கண்ணி 0.4 மீட்டர். பலர் அதையே விடையாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அலைநீளம் அதன் இரண்டு மடங்கு, 0.8 மீட்டர்.