ஆஸ்துமா இருமல்: ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள்

மகளுக்கு ஆஸ்துமா. தடுப்பு இன்ஹேலரை வேளை தவறாமல் கொடுத்தும் விடியற்காலை வறட்டு இருமல் நிற்கவில்லை. இருமல் சிரப் கேட்கவில்லை. படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்தும் மாற்றமில்லை. மருந்தைக் கூட்டுமுன் டாக்டர், ஸ்பேசரை (இன்ஹேலரில் பொருத்தி, மருந்தை உள்ளிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாய்) எங்களிடமிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்சுவரெங்கும் மெல்லிய வெள்ளைப் படிவு.

பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். மருந்துத் துகள்கள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும். அதனால் ஸ்பேசரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். முகமூடியை மட்டும் நன்றாக அலசி, குழாயை அலசாமல் நிமிர்த்தி வைத்துத் தானாக உலரவிடுங்கள். அந்தச் சோப்புப் படலம்தான் மின்னேற்றத்தைத் தடுக்கிறது. (சில தயாரிப்புகளை அலசச் சொல்வார்கள், கூடவரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) மாதம் ஒருமுறை போதும். புதிதாக வாங்கியதையும் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: இரண்டு பஃப்பை (இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து ஒரு பஃப்) சேர்த்து அடிக்கக் கூடாது. குலுக்கி, முகமூடி இடைவெளியின்றிப் பதிய, ஒரு பஃப்; 5, 6 மூச்சு. பிறகு மறுபடி குலுக்கி அடுத்தது. இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு மருந்து என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்து முகத்தைக் கழுவ வேண்டும்.

இருமல் படிப்படியாக அடங்கியது. மருந்தின் அளவைக் கூட்டவில்லை. ஆனால் மூச்சுவிடும்போது விலா எலும்பிடையே சதை உள்ளிழுத்தால் ஸ்பேசரை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.