கியர் பல் வெட்டக் கொடுக்கும் முன்

மதுரையில் கப்பலூர், கே.புதூர் பக்கம் உடைந்த கியரோடு பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கூலியைத்தான் கேட்கிறார்கள். எந்த மெஷினில் வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். கியரின் உழைப்பு அதில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கியர், அதுவும் மெதுவாகச் சுற்றுவது என்றால் மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் (ஒவ்வொரு பல்லுக்கும் கியரைச் சம அளவு திருப்பும் கருவி) வைத்து வெட்டினால் போதும். அதன் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் கியர் ஒரு சுற்று திரும்பும்; அதனால் 27 பல்லுக்கு 40-ஐ 27-ஆல் வகுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும், துளைத் தட்டில் 27 துளை உள்ள வட்டத்தில் 13 துளையும் நகர்த்துவார்கள். ஆனால் ஒரு மாட்யூலுக்கு (பல்லின் அளவைச் சொல்லும் எண்) வழக்கமான செட்டில் 8 கட்டர்தான். 26 முதல் 34 பல் வரை ஒரே கட்டர். அதன் வடிவம் 26 பல்லுக்குத்தான் அச்சாகப் பொருந்தும். 34 பல் வெட்டினால் ஓடும்போது சத்தம் கூடும்.

வேகமாக ஓடும் கியரா, ஒரே மாதிரி நிறைய வேண்டுமா, ஹாபிங்கில் கொடுங்கள்; அதில் ஹாப் என்ற திருகு வடிவக் கட்டரும் கியரும் சேர்ந்து சுற்றிப் பல் வெட்டும். ஒரு மாட்யூலுக்கு ஒரே ஹாப், பல் எண்ணிக்கை எதுவானாலும் பல்லின் வளைவு சரியாக வரும். சாய்பல் கியரும் அதிலேயே ஆகும். கூலி கூடினாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

உள்பல் கியருக்கும், பெரிய கியரை ஒட்டி நிற்கும் சின்னப் பல்லுக்கும் ஹாப் நுழைய இடமிருக்காது. அதற்கு ஷேப்பிங், அதாவது மேலும் கீழும் போய் வரும் கட்டரால் வெட்டுவது.

போகும்போது ஜோடிக் கியரையும் எடுத்துப் போங்கள். நேர்பல் கியரில் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வெளிவிட்டத்தை (மி.மீ.) அந்தத் தொகையால் வகுத்தால் மாட்யூல்: 58 மி.மீ., 27 பல் என்றால் 2. விடை 2.54 என்று வந்தால் அது அங்குலக் கணக்கில் 10 டி.பி. (டயமெட்ரல் பிட்ச், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற அளவு); அதற்கு மாட்யூல் கட்டரைப் போட விடாதீர்கள்.