ஒரு எம்.பி. தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி? கன்னியாகுமரியை வைத்துப் பார்ப்போம்

தேர்தல் வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியலோடு வந்துவிடுவார்கள். இந்தக் கட்சி இங்கே இத்தனை தடவை ஜெயித்திருக்கிறது, அதனால் இது அவர்கள் கோட்டை, அவ்வளவுதான். ஜெயித்தவர்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தொகுதியைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் தப்பாகத்தான் பேசுவோம் என்பது என் கருத்து. தோற்றவர் எவ்வளவு வாங்கினார், யார் யாரோடு நின்றார்கள், தொகுதியின் எல்லை அப்போது எது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது வரலாறு. எப்படிச் சேர்ப்பது என்று கன்னியாகுமரி தொகுதியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அங்கே காங்கிரஸ், பாஜக, மார்க்சிஸ்ட், திமுக நான்குமே ஜெயித்திருப்பதால் பழகிக்கொள்ள அதைவிட நல்ல தொகுதி தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

முதலில் பெயரையும் எல்லையையும் பாருங்கள். கன்னியாகுமரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்ததே 2009 தேர்தலில்தான். அதற்கு முன்னால் நாகர்கோவில். பெயர்ப்பலகை மாறியது மட்டும்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2004 வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி நாகர்கோவிலில் இல்லை, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. அதாவது குமரிமுனையில் குடியிருந்தவர் திருச்செந்தூருக்குத்தான் எம்.பி. தேர்ந்தெடுத்தார். 2008 தொகுதி எல்லை மறுசீரமைப்பில் திருவட்டார் சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. இப்போது கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டன. அதனால் 2004 ஓட்டு எண்ணிக்கையையும் 2009 எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து யாராவது கூட்டல் கழித்தல் போட்டால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே நிலப்பரப்பே இல்லை.

இன்னும் பின்னால் போனால் மாநிலமே வேறு. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சியில். ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி, கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். பெயரில் காங்கிரஸ் இருக்கிறதே என்று அதை இந்திய தேசிய காங்கிரஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய கட்சி அது, அந்த நேரத்தில் காங்கிரஸை எதிர்த்து நின்றது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) இணைந்த பிறகுதான் 1957 தேர்தல் நடந்தது.

அடுத்த வேலை, பட்டியலை நீங்களே போடுவது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, இலவசம்தான். தொகுதி வாரியாக வேட்பாளர், கட்சி, ஓட்டு எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பொதுத் தேர்தல் அறிக்கைகளில் இடைத்தேர்தல் இருக்காது. இந்தத் தொகுதியில் அது பெரிய ஓட்டை ஆகிவிடும், ஏனென்றால் காமராஜர் இங்கே முதலில் வந்ததே இடைத்தேர்தலில்தான். 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றவர், 1968-ல் நேசமணி இறந்ததும் 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் 1967-ல் நேசமணி, 1971-ல் காமராஜர் என்று தாவிவிடுவீர்கள். நடுவில் நடந்த கதை காணாமல் போகும்.

சரி, இடைத்தேர்தலையும் சேர்த்தால் பட்டியல் இப்படி வரும். 1957 தாணுலிங்க நாடார், 1962, 1967 நேசமணி, 1969, 1971 காமராஜர், 1977 குமரி அனந்தன், 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை டென்னிஸ், 1999 பொன். ராதாகிருஷ்ணன், 2004 பெல்லார்மின், 2009 ஹெலன் டேவிட்சன், 2014 மறுபடி பொன். ராதாகிருஷ்ணன், 2019 வசந்தகுமார், அவர் 2020-ல் கொரோனாவில் இறந்ததால் 2021 இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த், 2024-லும் அவரே.

இதில் கட்சிப் பெயர் போடும்போது கவனம் வேண்டும். 1971-ல் காமராஜர் ஜெயித்தது ஸ்தாபன காங்கிரஸ் (1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவை எதிர்த்த பிரிவு) வேட்பாளராக, தமிழ்நாட்டிலேயே அந்தக் கட்சிக்கு அந்த முறை கிடைத்த ஒரே இடம் அது. 1977-ல் குமரி அனந்தனும் ஸ்தாபன காங்கிரஸ்தான். டென்னிஸ் 1980, 84, 89, 91-ல் இந்திரா வழி காங்கிரஸ், 1996, 98-ல் மூப்பனாரின் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்). எல்லாவற்றையும் 'காங்கிரஸ்' என்று ஒரே கட்டத்தில் தள்ளுவதும் தப்பு, தனித்தனிக் கட்சி என்று வெட்டி வைப்பதும் பாதித் தப்பு. ஓட்டு போட்ட மக்கள் பெரும்பாலும் ஒரே பாரம்பரியமாகத்தான் அதைப் பார்த்திருப்பார்கள். நான் செய்வது, ஆணையத்தின் பட்டியலில் உள்ள கட்சிப் பெயரை அட்டவணையில் ஒரு பத்தியிலும் (column), எந்த மரபு என்பதைப் பக்கத்துப் பத்தியிலும் போட்டுக்கொள்வது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி, கூட்டணி. தமிழ்நாட்டுத் தொகுதி எதற்கும் இது இல்லாமல் வேலைக்கு ஆகாது. ஆணையத்தின் அறிக்கையில் கூட்டணி பற்றி ஒரு வார்த்தை இருக்காது, அந்தந்த வருட செய்தித்தாளைப் பார்த்து நீங்களேதான் நிரப்ப வேண்டும். நிரப்பிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். திமுக இந்தத் தொகுதியில் நேரடியாக ஜெயித்தது 2009-ல் ஒரே ஒரு தடவை. ஆனால் 1996-லும் 98-லும் ஜெயித்த தமாகா திமுக அணி, 1999-ல் ஜெயித்த பாஜக திமுக அணி, 2004-ல் ஜெயித்த மார்க்சிஸ்ட் திமுக அணி, 2019-லிருந்து ஜெயிக்கும் காங்கிரஸும் திமுக அணி. 1996-லிருந்து திமுக எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் ஜெயித்திருக்கிறது, 2014 மட்டும் விலக்கு. அதிமுக ஒரு தடவைகூட இங்கே எம்.பி. ஆனதில்லை, ஆனால் டென்னிஸின் 1984, 89, 91 வெற்றிகள் அதிமுக கூட்டணியில் வந்தவை. கோட்டை என்று பேசுகிறவர்கள் இந்தப் பத்தியைத்தான் போடாமல் விட்டிருப்பார்கள்.

இப்போது ஓட்டு எண்ணிக்கை. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். இந்தத் தொகுதியில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம், 1999 முதல் 2024 வரை நடந்த எல்லா மக்களவைத் தேர்தலிலும், 2021 இடைத்தேர்தல் உட்பட, பாஜக வேட்பாளர் பொன். ராதாகிருஷ்ணன்தான். வேட்பாளர் மாறியதால் ஓட்டு மாறியது என்ற சாக்கு எடுபடாது. 2014-ல் அவர் வாங்கியது 3,72,906. 2019-ல் 3,67,302. 2024-ல் 3,66,341. மூன்றும் ஏறத்தாழ ஒரே எண். ஆனால் முதல் எண்ணுக்கு 1,28,662 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி, இரண்டாவதற்கு 2,59,933 வித்தியாசத்தில் தோல்வி, மூன்றாவதற்கு 1,79,907 வித்தியாசத்தில் தோல்வி. 2014-ல் அலை அடித்தது, 2019-ல் அலை போய்விட்டது என்று சொல்பவரிடம் இந்த மூன்று எண்ணையும் காட்டுங்கள். அவர் பக்கம் பெரிதாக எதுவும் அசையவில்லை, அசைந்தது எதிர்ப்பக்கம்.

2014-ல் எதிர்ப்பக்கம் எப்படி இருந்தது? காங்கிரஸ் (வசந்தகுமார்) 2,44,244, அதிமுக 1,76,239, திமுக 1,17,933, மார்க்சிஸ்ட் 35,284. ஐந்து முனைப் போட்டி. பாஜக வாங்கியது 40 சதவீதம்கூட இல்லை. காங்கிரஸ், திமுக, மார்க்சிஸ்ட் மூன்றையும் கூட்டினால் 3,97,461, அதாவது ஜெயித்தவரைவிட அதிகம். 2019-ல் இந்த மூன்றும் ஒரே அணியில் வந்ததும் வசந்தகுமார் 6,27,235 வாங்கினார்.

ஆனால் கூட்டல் கணக்கு இத்தனை அழகாக எப்போதும் வேலை செய்யாது, அதற்கும் இதே தொகுதியே சாட்சி. 2019-ல் அதிமுக பாஜக அணியில் இருந்தது. 2014-ல் இரண்டும் வாங்கியதைக் கூட்டினால் 5,49,145 வந்திருக்க வேண்டும். வந்தது 3,67,302. அதிமுகவின் 1,76,239 எங்கே போனது? 2014-ல் இங்கே அதிமுகவுக்குப் போட்டவர்களில் நிறையப் பேர் பாஜகவுக்குப் போடத் தயாராக இல்லை என்றுதான் ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகம்தான், யார் யாருக்குப் போட்டார் என்று எந்தப் படிவமும் சொல்லாது. கட்சிகள் கூட்டணி சேரலாம், ஓட்டுகள் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்புறம் 2021. இந்த ஒரு தேர்தலுக்காகவே கன்னியாகுமரியைப் படிக்கலாம். சட்டமன்றப் பொதுத் தேர்தலும் மக்களவை இடைத்தேர்தலும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் நடந்தன. அதே வாக்காளர், அதே வாக்குச்சாவடி, இரண்டு இயந்திரம். மக்களவைக்கு விஜய் வசந்த் 5,76,037, பொன். ராதாகிருஷ்ணன் 4,38,087. சட்டமன்றத்துக்கு அதே ஆறு தொகுதிகளில் குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் காங்கிரஸுக்கு, பத்மநாபபுரம் திமுகவுக்கு, நாகர்கோவில் பாஜகவுக்கு, கன்னியாகுமரி அதிமுகவுக்குப் போயின. 'ஒரு தொகுதியின் மனநிலை' என்று ஒன்று இருப்பதாகப் பேசுவதே எவ்வளவு சிக்கலானது என்று இதிலிருந்து தெரியும். பாஜக ஓட்டு அந்த ஒரு முறை மட்டும் 70,000 ஏறியதற்கு, அதே நாளில் அதிமுக தன் வேட்பாளருக்காகவும் களத்தில் இறங்கி வேலை செய்தது ஒரு காரணமாக இருக்கலாம். 2024-ல் அதிமுக பாஜகவை விட்டு விலகி நின்று நாம் தமிழருக்கும் பின்னால் நான்காவது இடத்துக்குப் போனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டமன்றத் தொகுதி வாரியாகவும் வாக்குச்சாவடி வாரியாகவும் பார்க்க வேண்டும் என்றால் படிவம் 20 வேண்டும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சமீபத்திய தேர்தல்களுக்குக் கிடைக்கும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள், தேட முடியாது, கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். இரண்டு எச்சரிக்கை. தபால் ஓட்டு சாவடிக் கணக்கில் சேராது, கடைசியில் தனியாக வரும், அதை விட்டுவிட்டால் மொத்தம் ஒத்துவராது. வாக்குச்சாவடி எண்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறும், 2014-ன் 57-ஆம் சாவடியும் 2024-ன் 57-ஆம் சாவடியும் ஒரே தெருவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துவதுதான் பாதுகாப்பு.

சதவீதம் போடும்போது எதை வகுக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். மொத்த வாக்காளரா, பதிவான ஓட்டா, செல்லுபடியான ஓட்டா? 2014 முதல் மக்களவைத் தேர்தலில் நோட்டா இருக்கிறது, டெபாசிட் திரும்பக் கிடைக்கத் தேவையான ஆறில் ஒரு பங்கு ஓட்டுக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. 1989-லிருந்து 18 வயதுக்காரர்கள் வந்ததால் வாக்காளர் பட்டியல் அந்த ஒரு தேர்தலில் திடீரெனப் பெருத்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட எண்ணிக்கை உதவாது, சதவீதம் மட்டுமே உதவும்.

எண்களுக்கு அப்புறம்தான் காரணம். குமரி மாவட்டம் என்றதும் எல்லோரும் மதக் கணக்கைத்தான் எடுப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் சுமார் 48.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.8. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தை விட்டுவிட்டு இந்த மாவட்ட அரசியலைப் பேச முடியாது, 1996-ல் தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. பத்மநாபபுரத்தில் வந்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். 1957-ல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணித் தலைவரானார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் 2004-ல் மார்க்சிஸ்ட் ஜெயித்ததற்கு விளக்கம் கிடைக்காது. 2019-க்கு 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல், கடலில் காணாமல் போன மீனவர்கள், இனயம் துறைமுகத் திட்டத்துக்கு வந்த எதிர்ப்பு எல்லாவற்றையும் படிக்க வேண்டும். கடலோரச் சாவடிகளையும் ரப்பர் தோட்டப் பக்கத்துச் சாவடிகளையும் படிவம் 20-ல் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எந்தக் காரணம் எங்கே வேலை செய்தது என்று ஓரளவு பிடிபடும்.

உங்கள் சொந்தத் தொகுதிக்கு இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், அது 2009-ல் புதிதாக வந்ததா என்று முதலில் பாருங்கள். தேனி என்றால் பழைய பெரியகுளத்தைத் தேட வேண்டும், தூத்துக்குடி என்றால் திருச்செந்தூர், விழுப்புரம் என்றால் திண்டிவனம். ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்தாது, சட்டமன்றத் தொகுதிகள் இங்கும் அங்குமாகப் போயிருக்கும். அந்த மாதிரித் தொகுதிக்கு மக்களவை அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, சட்டமன்றத் தொகுதி வாரியான எண்களிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. வேலை இரண்டு மடங்கு, ஆனால் வேறு வழி இல்லை.