மாணவர் வாயில் நம் வசனம்: படிப்புகளை விளம்பரப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்க்கை சீசன் வந்தாலே, பல்கலைக்கழகப் படிப்புகளை விளம்பரப்படுத்தும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கிய இடம்தான் என்பதால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

ஒரு பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி, அதை இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களையே பேசவைப்பது நல்ல யோசனை. பேராசிரியர் சொன்னால் "அது அவர் வேலை" என்று ஒதுக்குகிற பெண், இரண்டாமாண்டு சீனியர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறாள். அந்தக் காதை நாம் எப்படி இழக்கிறோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கேமரா ஆடக் கூடாது, பெயரில் எழுத்துப்பிழை கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

டாப்பர்களை மட்டும் கூப்பிடுவது

துறைத் தலைவரிடம் "இரண்டு நல்ல பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று கேட்டால், முதல் ரேங்கும் இரண்டாம் ரேங்கும் வந்து நிற்கும். நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் விண்ணப்பிக்கலாமா என்று தயங்கி நிற்கிறவருக்கு இருப்பது பயம். "பள்ளியில் கணக்கு எனக்குச் சுமார்தான், சமாளிக்க முடியுமா?" என்று அவர் கேட்டால், எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவரிடம் அதற்குப் பதில் இருக்காது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், வேறு துறையிலிருந்து மாறி வந்தவர், வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர், இவர்களிடம் இருக்கும்.

இன்னொன்று: இறுதியாண்டு மாணவருக்கு முதல் மாதம் மறந்தே போயிருக்கும். முதல் செமஸ்டரை இப்போதுதான் முடித்தவரைப் பிடியுங்கள்.

எழுதிக் கொடுத்துப் பேசச் சொல்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எழுதிக் கொடுப்பது ஒரு வகை, பேசியதை வெட்டி நமக்கு வேண்டியபடி ஆக்குவது இன்னொரு வகை. பலன் ஒன்றுதான்.

புள்ளியியல் படிக்கும் ஒரு மாணவியை வீடியோ எடுத்தார்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு அவள் சொன்னது இது: "முதல் செமஸ்டரில் நிகழ்தகவு பேப்பரில் அரியர் வைத்தேன். வகுப்பில் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சார் வாரம் ஒரு நாள் சாயங்காலம் சந்தேகம் கேட்கிறவர்களுக்காக உட்கார்ந்திருப்பார் என்று அப்புறம்தான் தெரிந்தது. போனேன். கேட்க வெட்கமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்த அதே சந்தேகம்தான் எல்லோருக்கும். மறுமுறை எழுதித் தேறிவிட்டேன்."

எடிட்டிங் முடிந்து வந்த வீடியோவில் அவள் சொல்வது ஒரே வரி: "ஆசிரியர்கள் ரொம்ப உதவியாக இருப்பார்கள்." பின்னணியில் இசை.

அந்த வரியை உலகத்தில் எந்தக் கல்லூரியின் வீடியோவிலும் ஒட்டலாம். வெட்டி எறிந்த பகுதியை வேறு எங்கும் ஒட்ட முடியாது. அதில் ஒரு பாடம் இருக்கிறது, ஒரு ஆசிரியர் இருக்கிறார், வாரத்தில் ஒரு சாயங்காலம் இருக்கிறது, வெட்கப்பட்டுப் பின்னால் உட்காரலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. விண்ணப்பதாரருக்கு வேண்டியது அத்தனையும் அங்கேதான் கிடந்தது.

ஏன் வெட்டினாய் என்று, எடிட் செய்த புதியவரைக் கேட்டேன். "அரியர் என்ற வார்த்தை வந்தால் மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்றார். உண்மையில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மேலே இருக்கிறவர் என்ன சொல்வாரோ என்று முன்கூட்டியே பயந்து, கீழேயே கத்தரித்துவிடுகிறோம். இந்தத் தவறின் வேர் இங்கேதான். நம் வீடியோவைப் பார்க்கப்போவது பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை. நாமோ துணைவேந்தர் பார்ப்பதற்காக எடிட் செய்துகொண்டிருக்கிறோம்.

குறையையும் சேர்த்துச் சொன்னால் ஆள் வரமாட்டார்களே என்பார்கள். ஆர்தர் லம்ஸ்டெய்ன், இர்விங் ஜானிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1953-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சோவியத் நாட்டால் அணுகுண்டுகளைப் பெருமளவில் செய்ய இன்னும் பல ஆண்டு ஆகும் என்று வாதிடும் ஒலிப்பதிவை இரண்டு விதமாகத் தயாரித்தார்கள். ஒன்றில் அந்தப் பக்கத்துக்கான வாதம் மட்டும். மற்றதில் எதிர்ப்பக்கத்தின் வாதங்களும் உண்டு. கேட்ட உடனே இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வேலை செய்தன. பிறகு எதிர்வாதத்தைப் போட்டுக் காட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது: ஒரு பக்கம் மட்டும் கேட்டவர்கள் சரிந்துவிட்டார்கள்; இரு பக்கமும் கேட்டவர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. நம் விண்ணப்பதாரரும் எதிர்வாதத்தைக் கேட்கத்தான் போகிறார். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார், இல்லாவிட்டால் எங்காவது வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்வார்கள். அதை முதலில் நம் மாணவி வாயிலிருந்தே, சமாளித்த வழியோடு சேர்த்துக் கேட்டுவிட்டால் பிறகு ஆடமாட்டார்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடுவோம். மெருகேற்றிய வீடியோவை நம்பிச் சேர்ந்தவர் முதல் செமஸ்டரிலேயே மூட்டை கட்டினால், பெரும்பாலான படிப்புகளில் அந்த இடத்தைப் பாதியில் நிரப்ப முடியாது. படிப்பு முடியும்வரை அது காலி. போனவர் சும்மாவும் இருக்கமாட்டார், பத்துப் பேரிடம் சொல்வார். எல்லாவற்றையும்விட, வீடியோவில் பேசிய மாணவியை வராந்தாவில் நிறுத்தி, "அக்கா, நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்?" என்று ஒரு ஜூனியர் கேட்கும்போது நாம் யாரும் அங்கே இருக்கமாட்டோம். அவள்தான் விழிக்க வேண்டும்.

அதனால் பதிலை எழுதிக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். எந்த வாரம் "போதும், விட்டுவிடலாம்" என்று தோன்றியது? அப்போது யாரிடம் போனீர்கள்? இந்தப் படிப்பு யாருக்கு ஒத்துவராது? கடைசிக் கேள்விக்கு மாணவர்கள் தயங்குவார்கள், விடாதீர்கள். கட்டணம், தகுதி, கடைசி நாள் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு தாள் கையில் இருக்கட்டும், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. "எனக்குத் தெரியவில்லை, அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் சரியான பதில்தான் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்படி ஒரு மாணவர் சொல்வதைக் கேட்டால், கூட வந்திருக்கும் பெற்றோரின் முகமே தெளிந்துவிடும்.

(ஒரு மாணவர் பேசும்போது வகுப்பே நடக்கவில்லை, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது என்று வந்தால் அது வீடியோவில் போடுவதா வெட்டுவதா என்ற பிரச்சினையே அல்ல. போய் முதலில் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.)

வேலைவாய்ப்பு சதவீதத்தை மாணவர் வாயால் சொல்லவைப்பது

அந்த எண்ணைச் சரிபார்க்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. பிரிட்டனில் 2017 நவம்பரில் விளம்பரத் தர ஆணையம், தரவரிசையைப் பற்றிப் பெருமையடித்த ஆறு பல்கலைக்கழகங்களின் விளம்பரங்கள் தவறான எண்ணத்தைத் தருகின்றன என்று தீர்ப்பளித்தது. எண் என்றால் அதற்குப் பின்னால் ஆதாரம் இருக்க வேண்டும். அதை அலுவலகம் தன் பெயரில் சொல்லட்டும். மாணவர் தன் கதையைச் சொல்லட்டும்.

சும்மா வேலை வாங்குவது, அல்லது காசு கொடுத்துவிட்டு மறைப்பது

மூன்று மணி நேரம் வளாகத்தைச் சுற்றிக் காட்டினால் அது வேலை. மணிக்கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதை மறைக்காதீர்கள். பரிந்துரைப்பவருக்கும் விளம்பரதாரருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் நிலைப்பாடு. "சம்பளம் தருகிறார்கள், ஆனால் என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை" என்று மாணவரே சொல்லிவிட்டால் நம்பிக்கை குறைவதாக நான் பார்த்ததில்லை.

மாணவரின் சொந்த செல்பேசி எண்ணை போஸ்டரில் போடுவது

போடாதீர்கள்.

தேர்வு மாதத்தில் கூப்பிடுவது

வருவார்கள். முகத்தில் தெரியும்.

எடுத்த படம் நம்முடையதாகிவிட்டது என்று நினைப்பது

படிப்பைப் பாதியில் விட்டுப் போன ஒருவர், வாசல் பேனரில் இரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதே அளவுக்குத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி இருந்தாலும் இதைப் பின்பற்றலாம். யாருடைய படம், எங்கெங்கே போட்டிருக்கிறோம், எந்தத் தேதிவரை சம்மதம், யாரிடம் சொன்னால் எடுத்துவிடுவோம் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டதை அன்றே நீக்கிவிடலாம். அச்சடித்த புத்தகத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் அதில் முகங்களைக் குறைத்துக்கொண்டு, ஆய்வகம், நூலகம், கால அட்டவணை ஆகியவற்றைக் கூடுதலாகப் போடுங்கள்.