லிஃப்ட் கூட்டமும் அரிஸ்டோட்டிலும்: பேச்சில் விடக் கூடாத பிழைகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் போன வருடம் லிஃப்ட் நின்றுபோனது. ஒரு ஞாயிறு மாலை, கீழே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இருப்பதைத் திருத்துவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்துப் புதிது போடுவதா?

முதலில் எழும்பியவர் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. நல்ல குரல், நல்ல தமிழ். லிஃப்டை வாங்கியது யார், வேறு இடங்களில் விலை கேட்காமல் விட்டது ஏன், பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது யார் என்று திகதி வாரியாக அடுக்கினார். அந்தக் காலத்துச் செயலாளர் எழும்பி மறுத்தார். அவருக்கு ஆதரவாக இரண்டு பேர், எதிராக மூன்று பேர். முக்கால் மணி நேரம் போனது. ஏழாம் மாடி ஆச்சி ஒருவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: "தம்பி, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரிதான். நாளைக்கு நான் எப்பிடி மேல போறது எண்டு சொல்லுங்கோவன்."

பேச்சுக்கலை பற்றிப் பழைய கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் எழுதிய நூலின் அச்சாணியே ஆச்சி கேட்ட கேள்விதான். அரிஸ்டோட்டில் பேச்சை மூன்றாகப் பிரித்தார். அந்தப் பிரிவு, கேட்பவர் என்ன செய்ய வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருந்து பிறந்தது. நடந்து முடிந்ததைத் தீர்ப்பவர் முன்னால் பேசுவது வழக்குப் பேச்சு. அதன் குறி நீதி. இனி நடக்க வேண்டியதை முடிவு செய்பவர் முன்னால் பேசுவது ஆலோசனைப் பேச்சு. குறி நன்மை, பயன். தீர்ப்பும் சொல்லாமல் வாக்கும் போடாமல் பார்வையாளராக இருப்பவர் முன்னால் ஒருவரைப் போற்றியோ பழித்தோ பேசுவது புகழுரை. குறி பெருமை அல்லது இழிவு, காலம் பெரும்பாலும் நிகழ்காலம். நாங்கள் விடும் பிழைகளில் பாதி, புதுக்கடை நீதிமன்றத்தில் பேச வேண்டியதைத் தொடர்மாடிக் கூட்டத்திலும், தொடர்மாடிக் கூட்டத்தில் பேச வேண்டியதைச் செத்தவீட்டிலும் பேசுவதால் வருவது.

இதற்குப் பழைய உதாரணம் கி.மு. 427இல் ஏதென்ஸில் நடந்த விவாதம். லெஸ்போஸ் தீவில் இருந்த மித்திலீன் நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றது. வயதுவந்த ஆண்கள் எல்லாரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குவது என்று ஏதென்ஸ் மக்கள் சபை தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. அடுத்த நாள் மனம் உறுத்தவே சபை மறுபடி கூடியது. மித்திலீன்காரர் செய்தது குற்றம், தண்டனை நியாயம்தான் என்று ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோன் முழங்கினார். எதிர்த்துப் பேசிய டியோடோட்டஸ், மித்திலீன்காரர் நிரபராதிகள் என்று வாதாடவே இல்லை. நாம் இப்போது அவர்கள்மேல் வழக்கு நடத்தவில்லை, நமக்கு எது பயன் என்று ஆலோசிக்கிறோம் என்றார். எல்லாரையும் கொன்றால் இனிக் கிளர்ச்சி செய்யும் எந்த நகரமும் சரணடையாது, கடைசிவரை சண்டை பிடிக்கும் என்று விளக்கினார். கைகளை எண்ணியபோது மிகக் குறுகிய வித்தியாசத்தில் அவர் பக்கம் வென்றது. இரண்டாவது கப்பல் இரவு பகலாகத் துடுப்புப் போட்டுப் போய், ஆணை நிறைவேறுவதற்குச் சற்று முன்னால் கரை சேர்ந்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களை அப்படியும் கொன்றார்கள் என்பது வேறு கதை. கிளியோனின் நியாயத்தோடு மல்லுக்கட்டப் போயிருந்தால் டியோடோட்டஸ் தோற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

மாறாக, உண்மையிலேயே வழக்கு என்றால்? கண்ணகி பாண்டியன் அவையில் நிற்பதைப் பாருங்கள். முதலில் தன் ஊர் புகாரின் நீதிப் பெருமையைச் சொல்கிறாள். புறாவுக்காக உடலைக் கொடுத்தவனும் கன்றுக்காக மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டவனும் ஆண்ட ஊர் என்கிறாள். தான் யார் என்பதை நிறுத்திக்கொள்ள அவ்வளவு போதும். பிறகு ஒரே சான்று: "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே." அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. மதுரையின் எதிர்காலம் பற்றி அவையில் அவள் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த பிழையைத் தமிழ் விவாதம் பழகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்பவைதான் அந்த மூன்று பேச்சு வகைகள் என்று நினைத்துவிடுகிறார்கள். அவை வகைகள் அல்ல, நம்ப வைக்கும் வழிகள்: பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலு. மூன்று வகைப் பேச்சிலும் மூன்று வழியும் வேண்டும். உணர்ச்சி என்றாலே ஏமாற்று என்று எண்ணுவதும் சரியில்லை. நடுவரைக் கோபத்தாலும் இரக்கத்தாலும் திருப்புவது, அளக்கப் போகும் அளவுகோலை முதலில் வளைத்துவிடுவது போல என்று அரிஸ்டோட்டில் நூலின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறார். அதே மனிதர் இரண்டாம் பாகத்தில் கோபம், அச்சம், வெட்கம், இரக்கம் ஒவ்வொன்றும் எப்படிப் பிறக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்!

சரி, புகழுரைக்கு வருவோம். கொழும்பில் நாங்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: பொன்னாடை, சேவை நயப்பு விழா, நூல் வெளியீடு, மலர்ச்சாலையில் அஞ்சலி உரை. அதிகம் கெட்டுப்போவதும் இதுவே. "பண்பாளர், பரோபகாரி, பழகுவதற்கு இனியவர்." பெயரை மாற்றினால் அடுத்த பெட்டியில் இருப்பவருக்கும் பொருந்தும். புகழுரைக்கு ஏற்ற கருவி பெருக்கிக் காட்டுவது என்கிறார் அரிஸ்டோட்டில். அடைமொழியைப் பெருக்குவது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்தச் செயலை இவர் தனியாகச் செய்தாரா, முதலில் செய்தாரா, பலமுறை செய்தாரா என்று ஒரு செயலை எடுத்து அதன் அளவைக் காட்டுவது. கொட்டாஞ்சேனையில் ரியூஷன் கொடுத்த ஆசிரியர் ஒருவரின் அஞ்சலியில் பழைய மாணவி ஒருத்தி ஒரு அப்பியாசக் கொப்பியை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் தனிக் கொப்பி வைத்து, அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப விடும் பிழைகளை எழுதிவைப்பாராம். அவளுக்கு முன் பேசிய நால்வர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பார்த்தேன். ஒரு நூல் வெளியீட்டில் நயவுரை சொல்ல வந்தவர் புத்தகத்தின் எழுத்துப் பிழைகளைப் பக்க எண்ணோடு வாசித்தார். நூலாசிரியரின் அம்மா முன்வரிசையில். பிழைகள் உண்மைதான், ஆனால் அங்கே யாரும் தீர்ப்பு எழுத வரவில்லையே!

புகழுரை வெறும் அலங்காரம் என்று தள்ளுவதும் பிழை. போரில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிஸ் பேசியதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்த உரையில் போர்க்களக் காட்சிகள் குறைவு. ஏதென்ஸ் எப்படி வாழ்கிற ஊர் என்பதே அதிகம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இனி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாமலே சொன்ன பேச்சு. சொல்லும் விதத்தைத் திருப்பினால் புகழ்ச்சி அறிவுரையாகும் என்று அரிஸ்டோட்டிலும் குறித்திருக்கிறார். ஆகவே வகைகள் ஒன்றுக்குள் ஒன்று வரும், வரட்டும். எது முதலாளி, எது வேலையாள் என்பதில் மட்டும் குழப்பம் கூடாது.

எங்கள் லிஃப்டுக்கு இரண்டாவது கூட்டமும் தேவைப்பட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும், வங்கியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, போன தடவை சட்டத்தரணி மாமா காட்டிய அதே திருத்தப் பில்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். யார் கையெழுத்து என்ற பேச்சே எடுக்கவில்லை. நான்கு பில்லையும் கூட்டி, புதியதற்குக் கேட்ட விலையைப் பக்கத்தில் எழுதி, "இந்த வேகத்தில் திருத்தினால் இரண்டு வருடத்தில் இந்தக் காசைத் தாண்டிவிடும்" என்றாள். எதிர்காலத்தைப் பற்றிப் பேச நடந்ததை உதாரணமாக எடு என்று அரிஸ்டோட்டில் சொன்னதை அவள் வாசித்திருக்க மாட்டாள். கை உயர்த்தச் சொன்னபோது ஆச்சி கைத்தடியையே உயர்த்தினார்.