கூழாங்கல்லா, சுத்தியலா? ஆதிமனிதர்கள் இடித்த கல்லை அடையாளம் காண்பது எப்படி

கைக்கோடரியைப் பார்த்ததும் ஒருவர் செதுக்கியது என்று தெரிந்துவிடும். இடிக்கும் கல் அப்படி இல்லை. அதை யாரும் செய்யவில்லை. தரையில் கிடந்ததை எடுத்தார்கள், கொட்டையையோ எலும்பையோ உடைத்தார்கள், போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் வடிவத்தைப் பார்த்துப் பயனில்லை. தழும்பைத்தான் படிக்க வேண்டும்.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். கையில் பிடித்து அடிப்பது சுத்தியல் கல். கீழே கிடந்து அடி வாங்குவது அடைகல். (அடிக்கும் கல்லை 'அடிக்கல்' என்று சுருக்கிவிட ஆசைதான். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே அஸ்திவாரத்துக்குப் போய்விட்டது.)

படி 1: கையை வைக்காதீர்கள்

கல் கிடந்த இடம், மண் அடுக்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது, அருகில் என்ன கிடந்தது எல்லாவற்றையும் குறித்து, படம் எடுத்த பிறகே கல்லைத் தொட வேண்டும். எடுத்ததும் கழுவிவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் மண் பிறகு தேவைப்படும்.

படி 2: இங்கே எப்படி வந்தது?

நுண்ணிய வண்டல் மண்ணை மெதுவாக ஓடும் தண்ணீர்தான் படிய வைக்கும். அந்தத் தண்ணீரால் ஒரு கிலோ கல்லை உருட்ட முடியாது. அப்படிப்பட்ட அடுக்கில் கனமான கல் கிடந்தால், அருகில் சரிவோ ஓடையோ இருந்ததா, அந்தப் பாறை வகை எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் யாராவது தூக்கி வந்திருக்கலாம்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்லியலாளர் மேரி லீக்கி, அடித்த தடயமே இல்லாத பல கற்களை மனிதர்கள் கொண்டுவந்தவை என்று வகைப்படுத்தினார். அவற்றில் பல இயற்கையாகவே அங்கு வந்திருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

படி 3: விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள்

நேர் வெளிச்சத்தில் தழும்பு தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, கல்லை மெதுவாகச் சுற்றுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஓங்கி விழும் ஒவ்வொரு அடியும் மேற்பரப்பில் சிறு வட்ட விரிசலை உண்டாக்கும். அது உள்ளே கூம்பு போல விரிந்து இறங்கும். ஒரே இடத்தில் நூறு அடி விழுந்தால் அந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, துகள்கள் நொறுங்கி, அந்த இடம் சொரசொரப்பாக வெளிறிப்போகும். குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறையில் இது நன்றாகத் தெரியும். பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் வெயிலும் மழையும் மேற்பரப்பைத் தின்றுவிட்டால் கஷ்டம்தான்.

மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று புதுநிறத்தில் இருக்கும் அடியை உடனே ஒதுக்குங்கள். அது பெரும்பாலும் தோண்டிய கடப்பாரையின் வேலை.

படி 4: எத்தனை அடி என்பதைவிட, எங்கே அடி?

என் பார்வையில் மொத்த வேலையின் உயிரும் இந்தப் படியில்தான். ஆற்றில் உருண்ட கல்லும் அடி வாங்கியிருக்கும். ஆனால் ஆற்றுக்குப் பிடித்த பக்கம் என்று ஒன்று கிடையாது. அது எல்லாப் பக்கமும் பரவலாக மோதி, முனைகளை மழுக்கிவிடும். மனிதக் கை அப்படி இல்லை. பிடிக்க வசதியான பக்கத்தை விட்டுவிட்டு, துருத்திய முனையாலேயே திரும்பத் திரும்ப அடிக்கும். அதனால் முனையில் தழும்புக் கூட்டம் இருக்கும், உள்ளங்கை பட்ட பக்கம் சுத்தமாக இருக்கும்.

அடைகல்லில் தட்டையான முகத்தின் நடுவில் குழி விழுந்திருக்கும்; அடி தவறி ஓரத்தில் பட்ட இடங்களில் படிக்கட்டு போல உடைந்த வடுக்கள் இருக்கும். வழவழப்பும் ஒரே திசையில் ஓடும் கீறல்களும் தெரிந்தால் அது இடித்த கல் அல்ல, அரைத்த கல். எல்லாப் பக்கமும் அடிபட்டு உருண்டையான கற்களும் கிடைக்கின்றன. வேண்டுமென்றே உருண்டையாக்கினார்களா, அடித்து அடித்து அப்படி ஆனதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

படி 5: நீங்களே அடித்துப் பாருங்கள்

அதே வகைப் பாறையில் புதிய கற்களை எடுத்து, ஒன்றில் கொட்டை, இன்னொன்றில் எலும்பு, மூன்றாவதில் கல் என்று உடையுங்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை படம் எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கட்டைவிரலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அப்புறம் பழைய கல்லோடு ஒப்பிடுங்கள். ஆய்வுக்கூடங்களில் இதையே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, குழியின் ஆழத்தையும் பரப்பையும் அளந்து செய்கிறார்கள்.

படி 6: அக்கம்பக்கம் விசாரியுங்கள்

மஜ்ஜைக்காக உடைத்த எலும்பில் குழியும், அதையொட்டி நுண்கீறல்களும் இருக்கும். இஸ்ரேலின் கெஷர் பெனோட் யாகோவில், சுமார் 7,80,000 ஆண்டுப் பழைய அடுக்கில், குழி விழுந்த கற்களோடு கொட்டைகளும் கிடைத்தன. அதனால்தான் அங்கே உடைத்தது கொட்டை என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. கழுவாமல் வைத்த மண் இப்போது உதவும்: குழிக்குள் மாவுச்சத்துத் துகள் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடலாம். சுற்றியுள்ள மண்ணிலும் மாதிரி எடுங்கள். அதே துகள் அங்கேயும் இருந்தால் கல் சாட்சி சொல்லவில்லை என்று அர்த்தம்.

படி 7: அடித்தது மனிதர்தானா?

கென்யாவின் லொமெக்வியில் 33 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2015-ல் அறிவித்த கருவிகளில் 15 கிலோ அடைகல்லும் உண்டு. நமது ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய எச்சங்களைவிட அவை மூத்தவை. ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் கிடைத்த, சுமார் 4,300 ஆண்டுப் பழைய கற்கள் சிம்பன்ஸிகளுடையவை என்று 2007-ல் அறிவித்தார்கள். தாய்லாந்தின் குரங்குகள் எண்ணெய்ப்பனைக் கொட்டை உடைக்கும்போது, நினைக்காமலே கூரிய கற்சில்லுகள் தெறிப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதனால் குறிப்பேட்டில் முதலில் 'அடிபட்ட கல்' என்று மட்டும் எழுதுங்கள். தழும்பின் இடம் ஒத்துவந்தால் 'இடித்த கல்' என்று மாற்றலாம். யார் இடித்தார் என்ற கட்டத்தைப் பென்சிலில் நிரப்புங்கள்.