பாணி தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, வேலைக்குப் போகும் இளைஞர்களும் உண்டு. பிள்ளைகள் பிரச்சினை இல்லை, அவர்கள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பார்கள். இளைஞர்கள்தான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கேட்டுவிடுவார்கள்: "சார், எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்?" கேட்பதில் தப்பில்லை. அதை வரவழைக்க அவர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. அவற்றில் பலவற்றுக்கு என் பழைய பைல்களிலேயே சாட்சி இருக்கிறது.

தினமும் வரையாமல் இருப்பது, அடிப்படையைத் தாண்டிக் குதிப்பது மாதிரியான தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முதலில் பாணி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் வரையும்போது ஓயாமல் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறோம். எதை விடுவது, கோட்டை எங்கே நிறுத்துவது, நிழலுக்குக் கறுப்பா நீலமா, முகம் முக்கியமா முதுகு முக்கியமா. ஒரே ஆள் இப்படித் திரும்பத் திரும்ப முடிவெடுக்கும்போது படங்களில் ஒரு சாயல் படிகிறது. அவ்வளவுதான். ஆகவே உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது, அல்லது வேறு ஏதாவது, முடிவெடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சாயல் படியாது. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இதில்தான் வந்து முடியும்.

சாமான் வாங்கிக் குவிப்பது

ஒரு பேனா, ஒரு தூரிகை, மூன்று வண்ணம். ஆறு மாதத்துக்கு இது போதும்.

பிடித்த ஓவியரின் மூக்கைத் திருடுவது

பேராக்காரர்களுக்குக் கேலிச்சித்திரக்காரர் லாட் என்றால் தனிப் பெருமை. கோப்பெங் பக்கத்துக் கோத்தா பாருவில் 1951-இல் பிறந்தவர், நம்ம மாநிலத்துப் பிள்ளை. கேலிச்சித்திரம் வரைய ஆசைப்படும் பையன்கள் எல்லோரும் அவர் போடும் மூக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூக்கு அச்சு அசலாக வந்துவிடும். படத்தில் வேறொன்றும் இருக்காது.

லாட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது மூக்கு இல்லை. அவர் பதின்ம வயதிலேயே அச்சில் வந்துவிட்டார். ஆனாலும் அவரைப் பெரிய ஆங்கிலப் பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர் ஆக்கியது 1974-இல் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள்தான். தான் வளர்ந்த கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) யார் எப்படி உட்காருவார்கள், பயந்த பையன் சாரோங்கை எப்படிப் பிடித்துக்கொள்வான் என்று பார்த்து வைத்திருந்த ஆள் வரைந்த படங்கள் அவை. அந்தப் பார்வையைக் காப்பியடிக்க முடியாது. நீங்களே உங்கள் சீனக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

காப்பியடிப்பதே கூடாது என்று சொல்லவில்லை. வான் கோ நிறையக் காப்பியடித்தவர். 1889, 1890 வாக்கில் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மிலேயின் உழவர் படங்களை வரிசையாகப் பார்த்து வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். அதனால் வண்ணம் முழுக்க அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது, மஞ்சளும் நீலமும் அவருடையவை ஆயின. நீங்களும் அப்படிச் செய்யலாம். பிடித்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, வண்ணத்தை நீங்களே போடுங்கள். வண்ணப் படமாக இருந்தால் பேனாக் கோட்டில் மட்டும் வரையுங்கள். ஏதாவது ஒரு முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தவர் எடுத்த போட்டோவைப் பார்த்தே வரைவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நம் பக்கத்தில் எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் பெண், அதாவது பால் எடுக்கப் பட்டையைக் கீறுகிறவள், தலையில் கட்டிய துணி, பின்னால் ஆரஞ்சு வானத்தில் சூரியன் மறைகிறது, பெண்ணும் மரமும் கறுப்பு நிழலாக நிற்கும். போனில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு போட்டோவிலிருந்து எடுத்தது.

என் வகுப்பில் ஒரு பெண் இதை நன்றாகவே வரைந்து வீட்டில் மாட்டினாள். அவளுடைய பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். படத்தைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டாராம்: "எந்தத் தோட்டத்துல பொழுது சாயுற நேரத்துல மரம் வெட்டுனாங்க? வெட்டு ஏன் இந்தப் பக்கமா எறங்குது?"

பாட்டி கேட்டது சரி. மரம் வெட்டுவது விடிவதற்கு முன்னால். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரம் நீரை இழந்து பட்டைக்குள் அழுத்தம் குறையும், ஓட்டமும் மட்டுப்படும். வெட்டும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். அந்த போட்டோவை யாரோ இடவலம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், இவளும் அப்படியே வரைந்துவிட்டாள்.

ஓவியனுக்கு உரிமை உண்டே, சாயங்காலத்தில் பால் வெட்ட வைத்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாக வைக்கலாம். ஆனால் அது அவள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அங்கே முடிவெடுக்க ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. எங்கே நிற்பது, எதை வெட்டி விடுவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் போட்டோ எடுத்த ஆள் முடித்துவிட்டார். வரைகிறவருக்கு மிச்சம் இருந்தது வண்ணம் பூசும் வேலை மட்டும்.

பாட்டியிடமே கேட்டு வரையச் சொன்னேன். பாட்டி சொன்னதில் வானமே இல்லை. நெற்றியில் விளக்கு, அது விழும் இடத்தில் பட்டை, உளி, பால் வடியும் மங்கு, கொஞ்சம் விரல். மற்றதெல்லாம் இருட்டு. கொசுச் சத்தம். அடுத்த நிரையில் யாரோ இருமுவது. இதற்கு எந்த போட்டோவும் கிடைக்காததால் அவளே யோசிக்க வேண்டியிருந்தது. தாளின் முக்கால்வாசியைக் கறுப்பு மையால் நிரப்பி, விளக்கு வெளிச்சத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்தாள். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. அழகான படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுரண்டிய ஓரத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு அவள் வேலை பார்க்கும் பெட்ரோல் நிலையத்தை இரவில் வரைந்தபோதும் அதே ஓரம் வந்தது. பாணி என்று தேடிக்கொண்டிருந்தாளே, அது அங்கே எட்டிப் பார்த்தது.

எரிச்சல் எங்கே என்றால், அவளுக்கே அது பிடிக்கவில்லை. சூரியன் படத்தைத்தான் ஓர் அலுவலகம் காசு கொடுத்து வாங்கியது. அதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள், அப்புறம் இன்னொன்று. அந்த வருஷம் முழுக்க ஆரஞ்சு வானம் பூசிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் நிலையப் படம் இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது, வாங்கிப் போகக்கூட வரவில்லை. படம் விற்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருஷம் யாருக்குப் போனது?

போட்டோவே வேண்டாம் என்றால் நடக்காது, தெரியும். இப்படிச் செய்து பாருங்கள். முதலில் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்துக்குள் ஒரு படம் வரையுங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் சரி. பிறகு நீங்களே போட்டோ எடுங்கள். மறுநாள் இரண்டையும் மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து வரையுங்கள். ஞாபகத்தில் எது பெரிதாகி எது காணாமல் போனது என்று கவனியுங்கள், உங்கள் கண் எதைப் பிடிக்கிறது என்பது அதில் தெரியும். போட்டோவைக் கடைசியில் திறந்தால் போதும், லாரிக்கு எத்தனை சக்கரம் என்று சரிபார்க்க.

இன்னொன்று. இங்கே பால்மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பிறந்த பிள்ளைகள் தோட்டத்து லயத்து வீட்டில் படுத்துத் தூங்கியதே இல்லை. தாத்தா பாட்டி கதையை வரையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் தினமும் பார்ப்பதை ஏன் யாரும் வரைவதில்லை? செம்பனைக் குலை ஏற்றிய லாரி, வயசான செம்பனைத் தண்டு முழுக்கத் தொற்றிக்கொண்டிருக்கும் பெரணி, மழை வந்ததும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் கைகள், பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டில் காயும் பள்ளிச் சீருடை. இவற்றை எப்படி வரைய வேண்டும் என்று இன்னும் யாரும் ஊருக்கு வழி போட்டு வைக்கவில்லை. பாணி தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

தெரியாததை ஸ்டைல் என்று சொல்வது

எல்லா ஆள்களும் பாக்கெட்டுக்குள் கைவிட்டு நிற்கிறார்கள் என்றால் அது ஸ்டைல் இல்லை. கை வரையத் தெரியவில்லை. ஒரு மாதம் கை மட்டும் வரையுங்கள். அதற்குப் பிறகும் பாக்கெட்டுக்குள் விட விருப்பமானால் விடுங்கள்.

கைதட்டல் வாங்கிய படத்தையே அச்சடிப்பது

மலேசிய ஓவியர் லத்தீஃப் மொஹிடின் என்றாலே பாகோ பாகோ வரிசையைச் சொல்வார்கள். பெர்லினில் படித்த காலத்தில் தொடங்கி, தென்கிழக்காசியாவைச் சுற்றித் திரிந்தபோது வளர்ந்த 1960-களின் வேலை அது. கூரான இலையும் கோபுரமும் கலந்த அந்த உருவங்களையே ஆயுள் முழுக்க வரைந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் லங்காவி, கெலொம்பாங், ரிம்பா என்று வேறு வேறு வரிசைகளுக்குப் போனார். தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலமும் அப்படித்தான். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பெரிய பெயர் வாங்கின. பின்னாளில் கோடே இல்லாத பெரிய வண்ணப் பரப்புகளுக்குப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வயதில் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும் என்று கவலைப்படும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன்.

பினாங்குச் சுவரை ஊருக்குக் கொண்டுவருவது

2012-இல் ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரவிச் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், அர்மேனியன் தெருச் சுவரில் நிஜ சைக்கிளைப் பொருத்தி இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அதன் பிறகு ஊருக்கு ஊர் சுவரில் சைக்கிள். போதும்.

கையொப்பத்தைப் பயிற்சி செய்வது

படத்தைப் பயிற்சி செய்யுங்கள்.

பழைய படங்களைக் கிழித்துப் போடுவது

பிடிக்காத படத்தைக் கசக்கி எறிகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்புறம் "என் ஸ்டைல் என்ன?" என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி போட்டு வையுங்கள். நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பாருங்கள். நல்ல படத்தைத் தேட வேண்டாம். எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒருவர் எல்லாப் படத்திலும் ஆள்களை ஓரத்துக்குத் தள்ளியிருப்பார், இன்னொருவர் தரையே வரைந்திருக்க மாட்டார். வரைந்தவருக்கே அது தெரிந்திருக்காது.

பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். அட்டைப் பைலில் போட்டு, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் போதும்.